கிடங்கும் கலையும்

கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் வழியில் பெருங்களத்தூரைக் கடக்கிறோம். அங்குக் கார்களை உருவாக்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகம் நிற்கிறது. பழைய ஆலையை முதியோரின் வாய்மொழியாகவே நாம் அறிகிறோம்.

தொழில் நின்றுபோன கட்டடத்தை இடிக்காமல் கலைக்கு அளித்தால் என்ன விளையும்? கொச்சியில் இதற்கொரு விடை உண்டு. 1867இல் தொடங்கப்பட்ட ஆஸ்பின்வால் வணிக நிறுவனத்தின் கடலோரக் கிடங்கு, 2012இல் கொச்சி-முசிறி பினாலேயின் முதன்மை அரங்கமாயிற்று. பட்டணம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளையும் மிளகுமணிகளையும் அங்குத் தரையில் பரப்பி, 'கறுப்புத் தங்கம்' என்னும் படைப்பை விவான் சுந்தரம் அமைத்தார். மலபாரை 'மிளகு நாடு' என்று குறித்த அரபுப் புவியியலாளர்களைப் பயின்றோர் அதன் பொருளை எளிதில் உணர்வர். அது வெளியிலிருந்து கொணர்ந்த அலங்காரமன்று. கிடங்கின் சொந்தச் சரக்கே கலையாயிற்று. இதுவே அப்படைப்பின் சிறப்பு எனக் கருதுகிறோம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. மிளகும் ஓடும் வணிகத்தின் தொன்மையைப் பேசுகின்றன; மூட்டை சுமந்த தோள்களைப் பற்றி அவை பேசவில்லை. எஞ்சியுள்ள ஆலைச் சுவர்களில் நாளை தூரிகை வைப்போர், அங்கு உழைத்தோரை முதலில் தேடிச்சென்று கேட்டறிய வேண்டும்.