பேசாப் படத்தில் ஒரு பேச்சுக் குடும்பம்

ஜுபைதா என்று சொன்னால் தெரிந்தவர்கள் 'ஆலம் ஆரா'வைத்தான் சொல்வார்கள். 1931 மார்ச் 14ஆம் திகதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் திரையிடப்பட்ட இந்தியாவின் முதல் பேசும் படம்; அவர் அதன் கதாநாயகி. அத்தோடு கதை முடிந்துவிடும். அதற்கு முந்திய ஏழு வருஷம் வாய்பேசாமல் நடித்த காலத்தை யாரும் கணக்கிலெடுப்பதில்லை. என் பார்வையில் ஜுபைதாவை விளங்கிக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

1911இல் சூரத்தில் பிறந்தவர். வாப்பா சச்சின் நவாப் என்று எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் அந்த நவாப் கதையிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு உம்மாதான் முக்கியம். பாத்திமா பேகம் உர்து நாடக மேடையில் நடித்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். 1926இல் சொந்தக் கம்பனி தொடங்கி 'புல்புலே பரிஸ்தான்' படத்தை இயக்கினார். இந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான். மற்ற மக்கள் சுல்தானா, ஷஹ்ஸாதி இருவரும் நடிகைகளே. எங்கட ஆக்கள் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதாமல் விட்டதற்குக் கூச்சத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கொச்சிக்கடையில் இருக்கிற எனக்கு இது தூரத்துக் கதையாகப் படவில்லை. பம்பாயிலிருந்து கொழும்புக்கு வந்த பார்ஸி நாடகக் கம்பனிகள் கொண்டுவந்த 'இந்தர் சபா' உர்து நாடகந்தான். அந்தப் பாணியில் வளர்ந்த சிங்கள நூர்த்திக்காகவே 1911இல் மருதானையில் டவர் ஹோல் எழும்பியது. வசனமும் பாட்டுந்தான் அந்த மேடையின் சொத்து. அந்தச் சொத்தோடு வந்த உம்மாவும் மக்களும் சத்தமில்லாத படத்தில் முகத்தையும் கையையும் மட்டும் வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது.

1927இல் தாகூரின் நாடகத்தை வைத்து நவல் காந்தி எடுத்த 'பலிதான்' படத்தில் ஜுபைதாவும் சுலோசனாவும் சேர்ந்து நடித்தார்கள். சுலோசனா அன்றைய பெரிய நட்சத்திரம். பேசும் படம் வந்ததும் நிலைமை தலைகீழானது. ஹிந்துஸ்தானி சரளமாக வராத சுலோசனா பாஷை படிக்கப் போனார். 'ஆலம் ஆரா' கதாநாயகன் மாஸ்டர் விட்டலுக்கும் உச்சரிப்பு இடறியது. ஜுபைதாவுக்குப் பாஷை வீட்டிலேயே இருந்தது. அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உம்மாவின் மேடை, மகளுக்குப் பிந்திப் பலன் கொடுத்தது.

1934இல் நானுபாய் வக்கீலோடு சேர்ந்து மகாலக்ஷ்மி மூவிடோன் தொடங்கினார். பிறகு படங்கள் குறைந்தன. 1988இல் காலமானார்.

ஸ்டில் படங்களைப் பார்த்து நடிப்பை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. 'புல்புலே பரிஸ்தான்' பிரதி இல்லை. 'ஆலம் ஆரா'வும் இல்லை. 1925இல் நூர்பாய் தயாரித்து, என். எம். பெரேரா நடித்த இலங்கையின் முதல் கதைப்படம் 'ராஜகீய விக்ரமய'வுக்கும் அதே கதிதான். உங்கட வீட்டுப் பழைய பெட்டிகளில் நாடக நோட்டீஸோ படத் துண்டுப்பிரசுரமோ கிடந்தால், போத்தல் பேப்பர்காரருக்குக் கொடுக்க முந்தி யாரிடமாவது காட்டுங்கோ.