அச்சேறிய கொச்சை: அமெரிக்கச் சிற்றூர்த் தாளிகைகளின் சொற்கள்

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் தமக்குள் வழங்கிய சொல், வேலி தாண்டி ஊராரின் சொல்லாகிப் பின்னர் நாட்டாரின் சொல்லாவது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இலக்கண நூல்கள் விடை கூறவில்லை. கூறுதல் அவற்றின் கடமையுமன்று. அவ்விடையைத் தேடுவோர்க்கு அமெரிக்க நாட்டின் பழைய சிற்றூர்த் தாளிகைகள் அரியதொரு களமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் புதிதாகக் குடியேறிய சிற்றூர்களிலும் கிழமை இதழ் ஒன்று தோன்றிவிடும். பெரும்பாலும் ஆசிரியரே அச்சுக் கோப்பவர். அவரே சந்தா தண்டுபவர். கடைத்தெருவில் கேட்ட பேச்சு அன்று மாலையே அவர் கையில் அச்செழுத்தாகிவிடும்.

எனவே, அத்தாளிகைகளில் காணும் கொச்சைச் சொற்களை அவ்வூர் மக்களின் வாய்மொழிப் பதிவெனக் கொள்வார் பலர். இக்கருத்து பாதி உண்மையே. அச்சில் ஏறிய கொச்சை எழுதப்பட்ட கொச்சை. அதனை எழுதியவர் யார், எவர்க்காக எழுதினார், எவர் பேச்சை விலக்கினார் என்று ஆராயாமல் அதன் சான்றை ஏற்றல் பொருந்தாது.

அயோவா மாநிலத்து எஸ்தர்வில் என்னும் சிற்றூரில் ஓ. சி. பேட்ஸ் என்பார் நடத்திய 'நார்தர்ன் விண்டிகேட்டர்' இதழை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1870 மார்ச்சுத் திங்களில் அப்பகுதியைக் கடும் பனிப்புயல் தாக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் வெளிவந்த இதழ் அத்தகைய புயலைப் 'பிலிசர்ட்' எனக் குறித்தது. சொல் மேற்கோள் குறிகளுக்குள் அடங்கியிருந்தது. 'இசட்' எழுத்து ஒன்றே இருந்தது. அடுத்த கிழமையில் அவ்வெழுத்து இரண்டாயிற்று. சொல்லாய்வாளர் ஆலன் வாக்கர் ரீட் 1928இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்னும் ஆய்விதழில் இச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார்.

ஈண்டு அம்மேற்கோள் குறிகள் பெரிதும் நோக்கத்தக்கன. படிப்பவர்க்குச் சொல் தெரியும் என்பதை ஆசிரியர் அறிவார். தெரியாதாயின் விளக்கம் எழுதியிருப்பார். அகராதியில் அதற்கு அப்பொருள் இல்லை என்பதையும் அவர் அறிவார். இல்லையேல் குறியிட்டிருக்க மாட்டார். சொல்லைப் பயன்படுத்திக்கொண்டே 'இது என் நடையன்று' எனச் சற்று விலகி நிற்கும் நிலை அது. அக்குறிகள் உதிரும் நாளே அச்சொல் எழுத்துலகில் குடியுரிமை பெறும் நாள். சொல் பிறந்த நாளை நாடி ஓடும் ஆய்வாளர் பலர், அது குடியேறிய நாளைக் கருதுவதில்லை. உண்மையில் பிறந்த நாளும் 1870 அன்று. பலத்த அடி, துப்பாக்கி வெடி என்னும் பொருள்களில் இச்சொல் அதற்குச் சில பதிற்றாண்டுகள் முன்னரே வழங்கியது. பேட்ஸ் சொல்லை ஆக்கினாரல்லர். அடியைக் குறித்த சொல் புயலைக் குறிக்கத் தொடங்கிய திருப்பத்தை அவருடைய இதழ் காட்டுகிறது, அவ்வளவே. 1880-81இல் நேர்ந்த கடுங்குளிரின்போது அச்சொல் அமெரிக்கத் தாளிகைகள் எங்கும் பரவியது.

இத்தகைய சொற்களுக்கு உயர்குடிப் பிறப்புத் தேடும் ஆவல் கற்றாரிடையே மிகுதி. மின்னலைக் குறிக்கும் செருமானியச் சொல்லிலிருந்து 'பிலிசர்ட்' வந்தது என்றனர் சிலர். 'ஓ.கே.' என்பது சாக்டா என்னும் தொல்குடியினரின் மொழியிலிருந்து வந்ததென நம்பிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், அதற்கேற்ற எழுத்துக்கூட்டலையே கையாண்டார். தமிழுலகமும் அறியாத நோயன்று இது. 1960களில் அதே ரீட் காட்டிய உண்மை மிக எளியது. 'எல்லாம் சரி' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்தமைத்த வேடிக்கை அது. 1839 மார்ச்சு 23ஆம் நாள் 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில், மற்றோர் ஊர்த் தாளிகையாசிரியரைச் சீண்டும் குறிப்பொன்றில் அது இடம்பெற்றது. அவ்வகை வேடிக்கைச் சுருக்கங்கள் அக்காலத்தில் பல இருந்தன; ஏனையவை மறைந்தன. 1840ஆம் ஆண்டுத் தேர்தலில், கிண்டர்ஹுக் ஊரினரான வான் பியூரனின் பட்டப்பெயரோடு அவ்வெழுத்துகள் பொருந்திவந்ததால் இஃதொன்று பிழைத்தது. தேர்தலில் அவர் தோற்றார்; சொல் வென்றது.

பாஸ்டன் சிற்றூரன்று. எனினும், பெருநகரின் வேடிக்கை சிற்றூர்க்குச் சென்ற வழி ஒன்றுண்டு. 1792ஆம் ஆண்டு அஞ்சற் சட்டம், தாளிகையாசிரியர்கள் தம் இதழ்களை ஒருவர்க்கொருவர் கட்டணமின்றி அனுப்பிக்கொள்ள இடமளித்தது. வந்த இதழ்களைக் கத்தரித்து, வேண்டிய பத்திகளைத் தம் இதழில் சேர்ப்பது ஆசிரியர்களின் அன்றாடத் தொழிலாயிற்று. பின்னர் மற்றொரு வழியும் பிறந்தது. 1861இல், உள்நாட்டுப் போரால் அச்சகத்தில் ஆள் குறைந்தபோது, விஸ்கான்சின் மாநிலத்துப் பாராபூ ஊரின் இதழாசிரியர் கெல்லாக் என்பார், ஒருபுறம் ஏற்கெனவே அச்சான தாளை மாநிலத் தலைநகராகிய மேடிசனிலிருந்து தருவித்து, மறுபுறத்தில் மட்டும் தம் ஊர்ச் செய்தியை அச்சிட்டார். 1865இல் அவர் சிக்காகோவில் அதனையே வாணிகமாக்கினார். அதன்பின் வார்த்தெடுத்த உலோகத் தகடுகளே ஊர்தோறும் அனுப்பப்பட்டன. அத்தகட்டுக்குத் தாளிகைத் தொழிலாளர் இட்ட பெயர் 'பாய்லர் பிளேட்', அதாவது கொதிகலன் தகடு. இன்று அச்சொல் உயிரற்ற ஆயத்தச் சொற்றொடர்களைக் குறித்து நிற்கிறது. கொச்சையைப் பரப்பிய கருவியே ஒரு கொச்சைச் சொல்லானது சுவையான செய்தி.

இதன் விளைவு யாது? ஒரே இதழின் ஒரு பக்கத்தில் ஊர்க் கொல்லனின் பேச்சும், மறுபக்கத்தில் சிக்காகோவில் கோத்த நகைச்சுவையும் இருக்கும். இரண்டையும் அவ்வூர் வழக்கெனக் குறித்துக்கொள்ளும் தொகுப்பாளர் ஏமாறுகிறார். ஜார்ஜ் ஏடு என்னும் எழுத்தாளர் இந்தியானாவின் கென்ட்லண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தவர்; சிக்காகோ சென்று, 1899இல் கொச்சைமொழியிலேயே நீதிக்கதைகள் எழுதி நூலாக வெளியிட்டார். அவர் கதைகள் நாடெங்கும் பல தாளிகைகளில் வந்தன. சிற்றூரான் நகரிற் கற்ற கொச்சை மீண்டும் சிற்றூருக்கே விலைக்கு வந்தது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, அப்பக்கங்களில் இல்லாத பேச்சு. ஆபாசச் சொற்கள் கோடிட்டு மறைக்கப்பட்டன. அஃது இடக்கரடக்கல் எனக் கொள்ளலாம். மேற்குச் சுரங்க ஊர்களில் உழைத்த சீனரின் பேச்சோ மறைக்கப்படவில்லை. வெள்ளையர் நடத்திய இதழ்களில் உடைந்த ஆங்கிலமாக, நகைப்புக்குரியதாகத் தீட்டப்பட்டது. கறுப்பின மக்களின் பேச்சுக்கும் அதே கதி நேர்ந்தது. அம்மக்கள் தாமே நடத்திய முதல் தாளிகையான 'ஃபிரீடம்ஸ் ஜர்னல்' 1827இல் நியூயார்க்கில் தோன்றியபோது, அது கையாண்டது பிழையற்ற செந்நடையையே. காரணம் வெளிப்படை. தம் மதிப்பை எவரும் ஐயுறாத ஆசிரியர் கொச்சையில் விளையாடலாம், பேட்ஸ் விளையாடினார். எழுத்தறிவே ஐயுறப்பட்ட மக்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஆகவே, பழந்தாளிகைகளின் கொச்சையைப் பொதுமக்களின் குரல் எனப் புகழ்வோர், அப்பொதுமக்களுள் எவரெவர் அடங்குவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

2007 முதல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 'குரோனிக்கிளிங் அமெரிக்கா' என்னும் பெயரில் பழந்தாளிகைப் பக்கங்களைக் கணினிவழி யாவரும் தேடிப் படிக்க வழிசெய்துள்ளது. வாழ்நாளெல்லாம் அகராதிக்குச் சான்று தேடிய முன்னோர்க்குக் கிட்டாத வசதி அது. ஆயினும், தேடுபொறி கேட்ட வடிவத்தையே தரும். மங்கிய அச்சைப் பிழைபடப் படிப்பதும் உண்டு. இரண்டு 'இசட்' இட்டுத் தேடுவார்க்கு, 1870 ஏப்ரல் 23ஆம் நாள் எஸ்தர்வில்லில் ஒற்றை 'இசட்' எழுத்தோடு அச்சான சொல் அகப்படாது. தேடுபொறி இல்லாத காலத்து ஆய்வாளரோ கட்டு கட்டாகக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தே இத்தகைய சொற்களைக் கண்டெடுத்தனர்.