நாவல்பழம் தெரிந்த நாக்கு

ஒயின் விமர்சனத்தில் ‘பிளாக்கரண்ட்’ என்று பார்த்தாலே எனக்கு எரிச்சல். குளத்தூர்ல அதை யாரு தின்னிருக்கா?

குரோவரின் ‘லா ரிசர்வ்’, ஃபிராட்டெல்லியின் ‘செட்டே’. இரண்டும் விலை கூடிய இளம் சிவப்பு ஒயின்கள். சித்திரை வெயிலுக்கு அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் திறந்தேன். கேபர்னேயும் ஷிராஸும் கலந்த லா ரிசர்வில் மிளகு வாசம், ஓக் பீப்பாய் வாசம். பழம் பின்னால் நிற்கிறது. செட்டேயில் முதலில் சாஞ்சியோவேசேயின் புளிப்பு. அப்புறம் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொள்கிறது. டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் வறட்சி. சுவையே இல்லை, தொடு உணர்வு என்று அறிவியல் சொல்லலாம். நாம் அதைத் துவர்ப்பு என்று அறுசுவையில் வைத்திருக்கிறோம். பிளாக்கரண்டைக் கடன் வாங்க வேண்டியதே இல்லை.

லா ரிசர்வ் இன்றைக்கே குடிக்கலாம். எனக்குப் பிடித்தது செட்டே; துவர்ப்பு அடங்க மூணு நாலு வருஷம் கிடக்கணும். இந்த ஊர் வெயிலில் எங்கே வைப்பது?