தமிழ்த் திரைப்படத்தில் உழைக்கும் பெண்: சில குறிப்புகள்

கே. பாலசந்தரின் இயக்கத்தில் 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'அவள் ஒரு தொடர்கதை' என்னும் திரைப்படத்தை மாணவர் சிலருடன் மீண்டும் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. படம் முடிந்தபின் நிகழ்ந்த உரையாடலில், ஆண் பெண் வேறுபாடின்றிப் பெரும்பாலோர் கதாநாயகி கவிதாவின் பொறுமையை வியந்து பேசினர். இறுதியாண்டு மாணவி ஒருவர் மட்டும், "அவள் அந்த வீட்டை விட்டுப் போயிருந்தால் நாங்கள் அவளைப் பற்றி இப்படிப் பேசியிருப்போமா?" என்று கேட்டார். எவரும் பதில் கூறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே பிறந்தது.

முதலில் ஒரு வியப்பு. கவிதா பொறுமைசாலியே அல்லள். சுஜாதா நடித்த அப்பாத்திரம் தமிழ்த் திரை அதுவரை அறிந்திராத அளவுக்குச் சுடுசொல் பேசுவது. குடிகார அண்ணனையும், தன் உழைப்பில் உண்டுகொண்டு தன்னையே குறைகூறும் குடும்பத்தினரையும் அவள் ஒரு கணமேனும் விட்டுவைப்பதில்லை. அவ்வாறிருந்தும் பார்வையாளர் அவளைப் பொறுமையின் வடிவமாகவே நினைவிற் கொள்கின்றனர். காரணம், அவளது சினம் எதனையும் மாற்றுவதில்லை என்பதாகும். காதலனை விதவைத் தங்கைக்கு விட்டுக்கொடுக்கிறாள். பின்னர் கைகூடவிருந்த தன் திருமணத்தையும் கைவிட்டு மறுபடியும் அலுவலகத்துக்குப் புறப்படுகிறாள். சம்பளம் மாதந்தோறும் வீடு வந்து சேரும்வரை, சம்பாதிப்பவள் எவ்வளவு ஏசினாலும் குடும்பம் தாங்கிக்கொள்ளும். படமும் தாங்கிக்கொள்கிறது. பாலசந்தரின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நடுத்தர வர்க்கக் குடும்பமொன்று ஒரு பெண்ணின் உழைப்பை எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதை இத்துணை விபரமாகக் காட்டிய வணிகத் திரைப்படங்கள் அன்று மிகச் சிலவே. ஆயினும் உறிஞ்சலைக் காட்டிய அதே கலைஞர் முடிவில் அதனைத் தியாகம் எனப் பெயரிட்டு வணங்குகிறார். அங்கேதான் விமரிசனம் பணிபுரிய வேண்டியுள்ளது.

இதன் மறுபக்கத்தை அறிவதற்கு, தனக்காக எதையேனும் விரும்பிய பெண்கள் திரையில் என்னவானார்கள் என்று பார்த்தல் தகும். 1972இல் வெளியாகிப் பெருவெற்றி கண்ட 'பட்டிக்காடா பட்டணமா'வில் இலண்டனில் படித்துத் திரும்பிய கல்பனா, நாட்டுப்புறக் கணவனால் அடக்கப்பட்டுத் 'திருந்துகிறாள்'. இருபது ஆண்டுகளின் பின் வந்த 'மன்னன்' (1992) படத்தில், தொழிலகம் ஒன்றைத் திறம்பட நடத்திய சாந்திதேவி இறுதியில் வீட்டு வாசலில் நின்று கணவனை வேலைக்கு வழியனுப்புகிறாள். 'படையப்பா' (1999) இன்னும் ஒருபடி மேலே சென்றது. தான் விரும்பிய ஆணைத் தானே கேட்ட நீலாம்பரிக்கு அப்படத்தில் வாழ்வே இல்லை. அடக்கமே உருவான வசுந்தராவுக்கு மணமாலை. இடைப்பட்ட காலத்தில் உடை, பாட்டு, படப்பிடிப்புத் தளம் என யாவும் மாறின, தண்டனை மாறவில்லை. (நீலாம்பரியாக நடித்த ரம்யா கிருஷ்ணனையே பலரும் இன்றுவரை நினைவுகூர்கின்றனர் என்பது வேறு கதை. பார்வையாளர் எப்போதும் படத்தின் கட்டளைக்குப் பணிந்துவிடுவதில்லை.)

இப்படங்கள் தமிழகத்தில் தயாரானவை. எனினும் ஈழத்துத் தமிழரின் பொழுதுபோக்கிலும் மனவுலகிலும் இவை பெற்றுள்ள இடம் விளக்க வேண்டாதது. அவை இங்கு இலகுவில் வேரூன்றியமைக்கு எமது சமூக அமைப்பிலும் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குச் சீதன வழியாகச் சொத்துரிமை உண்டென்று நாம் பெருமை பேசுவது வழக்கம். அப்பெருமையைச் சட்டப் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தேசவழமைக்கு உட்பட்டோரின் திருமண உரிமைகள் தொடர்பாக 1911இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையும் வீட்டையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி உயிருடன் இருக்கும்போது கைமாற்ற முடியாது. மரணசாசனம் எழுதி வைப்பதற்கு மாத்திரம் அவனது சம்மதம் தேவையில்லை. அதாவது, உடைமையாளராக இருக்கலாம்; ஆனால் தன் விருப்பப்படி நடப்பதற்கு அவள் இறக்க வேண்டும்! கவிதாவின் சம்பளத்துக்கும் இந்தக் காணிக்கும் அதிக வேறுபாடு இல்லை. இரண்டும் அவள் பெயரில் உள்ளன. இரண்டிலும் அவள் விருப்பம் இல்லை.

உத்தியோகம் பார்க்கும் மணமகளைத் தேடும் இன்றைய வழக்கமும் இத்தன்மையதே. பெண் கல்வி வளர்ந்துவிட்டது; பல்கலைக்கழக அனுமதி பெறுவோரிற் பெண்களே பெரும்பான்மையினர். எனினும் பட்டமும் அதனால் வரும் அரசாங்கச் சம்பளமும் சீதனத்தை ஒழிக்கவில்லை, அதனுடன் சேர்ந்துகொண்டன. மேலும், 'பெண் வேலைக்குப் போகலாமா' என்ற விவாதமே நடுத்தர வர்க்கத்தின் விவாதம் என்பதையும் மறத்தலாகாது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் எவரும் அக்கேள்வியைக் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக அவள் மலையேறி உழைக்க, அவளது கூலியைத் தந்தையோ கணவனோ கையேற்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. உழைப்பு மட்டும் விடுதலை தருமெனின் அவளே இந்நாட்டில் முதலில் விடுதலை பெற்றிருப்பாள்.

தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்திலே நெறிப்படுத்திய 'பொன்மணி' (1977) சீதனத்தையும் சாதியையும் கருப்பொருளாக்கியது. வணிக வெற்றி அதற்குக் கிட்டவில்லை. எமது வீடுகளின் உள்ளறைகளைக் காட்டிய படத்தைவிட, எங்கோ ஓர் ஊரில் அடங்காத மனைவி அடக்கப்படும் படங்களே எமக்கு உவப்பாயிருந்தன. ஆனால் திரை சொல்லாததை எழுத்துச் சொல்லத் தொடங்கியது. 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'சொல்லாத சேதிகள்' வெளிவந்தபோது, பெண்கள் தம் மறுப்பைத் தம் குரலிலே பதிவு செய்தனர். அத்தொகுதிக்குப் பின் ஈழத்துக் கவிதை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனைப் படித்து வளர்ந்த வாசகரே மாலையில் திரையின் முன்னமர்ந்து வேறொரு நியாயத்துக்குக் கைதட்டவும் செய்தனர். நானும் அவர்களுள் ஒருவன்.

அண்மைக்காலத்தில் 'பெண்மையப் படங்கள்' என்று சிறப்பிக்கப்படுவனவற்றையும் சற்று ஐயத்துடனேயே நோக்கவேண்டியுள்ளது. '36 வயதினிலே' (2015) படத்தின் வசந்தி, கணவனும் மகளும் அயர்லாந்து சென்றுவிடத் தனித்து விடப்படுகிறாள். மொட்டைமாடியிற் காய்கறி பயிரிட்டுப் புகழ்பெற்று, நாட்டின் குடியரசுத் தலைவரையே சந்திக்கிறாள். அதன் பின்னரே குடும்பம் அவளை மதிக்கிறது. மகிழ்ச்சியான படம்தான், திரையரங்கிற் பல தாய்மார் கண்கலங்கியதை நான் குறைகூற மாட்டேன். ஆனால் குடியரசுத் தலைவர் அழைக்காத ஏனைய வசந்திகளின் நிலை யாது? வீட்டில் மதிக்கப்படுவதற்கு ஒரு பெண் முதலில் நாடறிந்த சாதனையாளராக வேண்டுமெனின், அது பழைய தியாகத்தின் புதிய கட்டணமே.

மலையாளத்தில் ஜியோ பேபி நெறிப்படுத்திய 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) இப்பாதையிலிருந்து விலகியது. அதன் தமிழ் வடிவம் 2023இல் வெளியானது. மூலப்படத்தின் ஆற்றல் அது மேற்கொண்ட முறையிலேயே தங்கியுள்ளது. நறுக்குதல், அரைத்தல், பரிமாறுதல், எச்சில் துடைத்தல், அடைபட்ட கழிவுநீர்த் தொட்டியை நோண்டுதல் என்பன சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகின்றன. அச்சலிப்பே வாதம். வீட்டில் எவரும் கொடியவர் அல்லர். விறகடுப்பிற் சமைத்த சோறே வேண்டும், ஆடையைக் கையாலேயே துவைக்க வேண்டும் என மாமனார் கேட்பதும் மிக மென்மையாகவே. கவிதாவிடம் இருந்த சுடுசொல்கூட இம்மருமகளிடம் இல்லை. அவள் விளக்கம் கூறுவதில்லை, சாதனை புரிவதில்லை, ஒருநாள் கழிவுநீரை ஆண்கள்மீது ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள். கணவனோ மறுமணம் செய்து, முன்போலவே தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் போகிறான். புதியவள் அதைக் கழுவுகிறாள். ஒருத்தியின் வெளியேற்றத்தால் அமைப்பு ஆட்டங்காணாது என்ற உண்மையையும் படம் ஒளிக்கவில்லை. இதனை அவநம்பிக்கை என்று சில நண்பர்கள் குறைகூறினர். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

முதலிற் குறிப்பிட்ட மாணவிக்கு இப்படத்தையும் பார்க்கும்படி கூறியிருந்தேன். பார்த்துவிட்டு அதன் கலைத்தன்மை குறித்து அவர் அதிகம் பேசவில்லை. விடுமுறைக்கு வீடு சென்றபோது, உணவருந்தியபின் தமையன் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவாமல் அவ்வாறே விட்டதாக மட்டும் கூறினார். அன்றிரவு அதை யார் கழுவினார்கள் என்று கேட்டேன்.

"அம்மா" என்றார்.