எண்ணுக்குள் ஓர் ஆற்றங்கரை
கணினி விளையாட்டுகளுக்கு நிலப்பரப்பு அமைக்கும் டைல்டு என்னும் மென்பொருளில், முன்பே வரைந்துவைத்த ஆற்றங்கரையின் ஒரு பகுதியைச் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி இழுத்து வளைத்தெடுத்து, கண்ட்ரோல் விசையோடு 1 முதல் 9 வரையிலான ஓர் எண்ணைத் தட்டிச் சேமித்துவிட்டால், பிறகு அந்த எண்ணைத் தொட்ட மாத்திரத்தில் அதே கரை, புல்லும் ஈரமணலும் அணுவளவும் பிசகாமல், சுட்டியின் முனையில் வந்து நிற்பது எனக்கு அலுக்காத ஆனந்தம். எக்ஸ் விசை அதனை இடவலமாக மாற்றும்; இசட் விசை சுழற்றும்.

ஆயினும் ஒரே புதரை வரிசையாகப் பதித்தால் கண் உடனே கண்டுகொள்ளும். ஆகையால் தேர்ந்த கலைஞர், மெல்லிய சொடுக்கொலி ஒவ்வொன்றுக்கும் இடையே நிதானித்து, இங்கொரு கல்லும் அங்கொரு காய்ந்த புல்லுமாகச் சேர்த்து, விளிம்புகள் இசைகின்றனவா என்று பார்த்துப் பார்த்துப் பதிக்கிறார். விளையாடும்போது அந்தக் கரையோரம் சற்றே நின்று பாருங்கள்.