விதி தொடங்கும் இடத்தில் லால்குடி இல்லை

ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018. குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட விதிநூல். நல்ல நூல்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் மண்டலத்தில் திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் வேண்டும் என்கிறது, அதாவது ஆறில் ஒரு பங்கு. காற்று வந்தால்தான் வியர்வை காயும் என்பது தெரிந்தவர்கள் எழுதியது.

எனக்குச் சண்டை வாசலில்தான். 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் இந்த விதி. நம்ம கணக்கில் பன்னிரண்டு சென்ட்டுக்கு மேல். லால்குடியில் புதிதாகப் போடும் நகர்களில் மூன்று சென்ட் மனை வாங்கவே மூச்சு முட்டுகிறது. அப்புறம் யாருக்கு இந்த விதி? அடுக்குமாடிகளுக்கு.

அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பத்து மாடிக் கட்டடத்தில் கூரை வெயில் மேல்மாடிக்காரருக்கு மட்டும். ஒற்றை மாடி வீட்டில் எல்லா அறைக்கும் மேலே அதே கான்கிரீட்தான். விதிநூல் கூரைக்கு அனுமதிக்கும் யூ மதிப்பு, அதாவது வெப்பம் கடந்துவரும் அளவு, 1.2. மேலே எதுவும் போடாத சாதாரண தளத்துக்கு அது மூன்றைத் தாண்டும். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பத்து மணிக்கும் இறக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் போட்டால் அனல்தான் வரும், சித்திரையில் படுத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

சுவர்க் கணக்கு சிக்கலானது, ஒப்புக்கொள்கிறேன். திசை, சன்னல், கண்ணாடி, நிழல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மொத்தம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக்கூடாது. சின்ன வீட்டுக்காரரிடம் இதைக் கேட்க முடியாது. ஆனால் கூரை ஒரே ஒரு எண். அதை மட்டுமாவது பிரித்து எல்லோருக்கும் வைத்திருக்கலாமே!

தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அதிலும் வீடுகளுக்குக் கட்டாயம் 600 சதுர கஜத்துக்கு மேல்தான். மாற்றிப் பார்த்தால் மறுபடி அதே 500 சதுர மீட்டர்!

ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1947இலிருந்து இருக்கிறது. ஏழைகளின் வீட்டுக்கூரையில் சிமென்ட்டையும் கம்பியையும் மிச்சப்படுத்த முன்வார்ப்புப் பலகை, சிறு உத்தரம் என்று எத்தனையோ முறைகளை உருவாக்கினார்கள். சின்னக் கூரை அவர்களுக்குப் புதிதல்ல. செலவுக்குக் கொடுத்த கவனம் சூட்டுக்கும் விதியாக இறங்கியிருக்க வேண்டும்.

மாநிலங்கள் இந்த விதியைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குச் சாக்கு இல்லை. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, அதில் 300 அடி கான்கிரீட் கூரை. வரைபடமும் அரசுடையது, மூன்றரை லட்சமும் அரசுடையது. தளத்தின் மேல் தட்டோடு பதித்து வெள்ளை அடிப்பது என்று மதிப்பீட்டில் ஒரு வரி சேர்க்க யார் அனுமதி வேண்டும்? வெள்ளையால் யூ மதிப்பு குறையாது, வாஸ்தவம். ஆனால் வெயிலில் பெரும்பகுதியை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். லால்குடியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இந்த வீடுகளுக்குத் தளம் போடும்போதே செய்தால் செலவும் குறைவு.