பன்னிரண்டு கட்டங்களும் ஒரு 'மே'யும்

ராயகிரியில் எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலம் ஒரு அட்டவணையாகத்தான் வந்து சேர்ந்தது. மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை, ஆக 12 கட்டம். எதிர்காலத்துக்கான கட்டத்தின் தலையில் 'ஐ, வீ வந்தா ஷல், மத்ததுக்கெல்லாம் வில்' என்று எழுதியிருக்கும். 1930களில் வெளிவந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் இந்தியப் பள்ளிகள் முழுக்கப் பரப்பிய விதி அது. மனப்பாடம் செய்தவன் தேறினான். ஏன் அப்படி என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு பயிற்சி மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஆச்சி சொல்லிக் கேட்டதைத் தமிழில் யோசித்தேன்: 'அப்பல்லாம் ஐப்பசி பொறந்தா மலையில மழை பிடிக்கும், ஓடையில தண்ணி இடுப்பளவு ஓடும்.' அதை 'இட் வில் ரெய்ன்', 'வாட்டர் வில் ரன்' என்று ஆங்கிலமாக்கினேன். சிவப்பு மை விழுந்தது. போன காலத்தை எதிர்காலத்தில் எழுதியிருக்கிறான் என்று வகுப்பே சிரித்தது. ஆச்சியின் தமிழிலும் பிழையில்லை, அட்டவணையிலும் பிழையில்லை, பிழை என் மண்டையில்தான் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அட்டவணையில்தான் பிழை. ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்காலம் காட்டும் விகுதி என்று ஒன்று கிடையவே கிடையாது. 'வாக்' என்பது 'வாக்டு' ஆகும், அதோடு சரி. க்வெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் ஆங்கிலத்துக்கு இரண்டே காலங்கள்தான் என்கிறது. மூன்றாவது, லத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் ஆங்கிலத்தைத் திணித்தபோது காலியாக நின்ற கட்டம். அதை நிரப்ப இரண்டு பழைய வினைகளைக் கொண்டுவந்தார்கள். 'வில்' என்றால் விரும்புதல். 'ஷல்' என்றால் கடன்பட்டிருத்தல். ஒன்று ஆசை, இன்னொன்று கடமை. இரண்டிலும் முதலில் காலம் இல்லை. யாருடைய விருப்பம், யார் மேல் விழும் கட்டாயம் என்பதுதான் இருந்தது.

1653இல் ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இதற்கு ஒரு பங்கீடு செய்தார். தன்மையில் 'ஷல்' வெறும் முன்னறிவிப்பு, 'வில்' வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் அப்படியே தலைகீழ். நான் உன்னைப் பார்த்து 'யூ ஷல்' என்றால், நடக்கப்போவதைச் சொல்லவில்லை, உன்னை நடத்தி வைக்கிறேன். ஆற்றில் விழுந்த அயல்நாட்டான் இரண்டையும் மாற்றிக் கூவியதால், சாவதுதான் அவன் தீர்மானம், யாரும் காப்பாற்றக் கூடாது என்பது அவன் உத்தரவு என்று புரிந்துகொண்டு கரையில் நின்றவர்கள் சும்மா இருந்தார்களாம். ஆங்கிலேயர்களின் பழைய வேடிக்கைக் கதை இது. அயலான் செத்தால்தான் அவர்களுக்கு இலக்கணம் வேடிக்கையாகிறது போலிருக்கிறது.

ஆச்சியின் 'ஓடும்' இதைவிடப் பழைய சரக்கு. தொல்காப்பியம் 'செய்யும்' என்ற வாய்பாட்டை நிகழ்காலத்தோடு வைத்தே பேசுகிறது. எக்காலத்திலும் மாறாததைச் சொல்லவும் அதுவே போதும். மலை நிற்கும் என்று உரையாசிரியர்கள் காட்டுவார்கள். கிறு, கின்று, ஆநின்று என்பவற்றை நிகழ்கால இடைநிலைகள் என்று பட்டியலிட்டது பின்னால் வந்த நன்னூல். நிகழ்காலத்துக்குத் தனி உருபு வேரூன்றிய பிறகு 'செய்யும்' எதிர்காலம் என்ற பெயரை வாங்கிக்கொண்டது. வழக்கத்தைச் சொல்லும் வேலையை மட்டும் விடவில்லை. ஆங்கிலேயனும் பழைய வழக்கத்தைச் சொல்ல 'வில்'லின் இறந்தகால வடிவமான 'வுட்'டைத்தான் எடுக்கிறான். அதாவது என் நோட்டில் 'வில்'லை 'வுட்' என்று திருத்தினால் போதும், ஒரு எட்டு தூரம். அந்த ஒரு எட்டை வைக்க அட்டவணையில் இடமில்லை. ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் அதே 12 கட்டம்தான் கொடுத்திருந்தார்கள்.

'ஷல்' கட்டளை என்பதை எங்கள் வகுப்பறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு வெகுமுன்பே தமிழ்நாடு அதை ரத்தத்தோடு படித்திருந்தது. 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது அதன் 3ஆம் பிரிவு, இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட 'மே' என்றது. தி.மு.க. அந்த இடத்தில் 'ஷல்' கேட்டது. இரண்டும் ஒன்றுதானே என்பது நேருவின் நிலை. ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே போட்டுவிடலாமே என்பது பதில். இதைவிடக் கூர்மையான இலக்கண விவாதம் நம் பல்கலைக்கழகங்களில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம் தமிழ் பேசுகிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'வரலாம்' என்று சொன்னவன் வராமல் போனால் சண்டைக்குப் போக முடியாது.

1964இல் நேரு இறந்தார். 1965 ஜனவரி 26இல் அந்த 'மே' நடைமுறைக்கு வரும் நாளை ஒட்டி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடுகளும் நடந்தன. 1967இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலம் 'ஷல்' என்று ஒரு காப்புரை சேர்ந்தது. அப்படிப்பட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டாலொழிய இந்த ஏற்பாடு முடிவுக்கு வராது என்ற உட்பிரிவும் வந்தது. கவனிக்க வேண்டியது, மூல வாக்கியத்தின் 'மே' போகவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது. அதன் காலடியில்தான் 'ஷல்' உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஆங்கிலம் வேண்டும் என்று உயிரைக் கொடுத்து வாங்கினோம். வாங்கிய ஆங்கிலத்தை, 'ஷல்' என்பது தன்மைக்கு வரும் எதிர்கால உருபு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். எந்தச் சொல்லுக்காகச் சண்டை நடந்ததோ அந்தச் சொல்லின் அதிகாரத்தைக் கழற்றிவிட்டு, கூட்டைப் பாடமாக வைத்தோம். விவிலியத்தைத் தமிழாக்கியவர்களுக்கு இருந்த தெளிவு நமக்கு இல்லை. கட்டளைகளில் வரும் 'ஷல்'லை அவர்கள் எதிர்காலமாக விட்டுவிடாமல், எதிர்கால வினையோடு 'ஆக' சேர்த்து வியங்கோள் ஆக்கினார்கள். நாம் பாடநூலை நம்பினோம். சங்கரன்கோவிலுக்கு மனு கொண்டுபோகிறவனின் பிள்ளை அரசாணையின் ஆங்கிலத்தைப் படித்தாலும், எங்கே தனக்கு உரிமை இருக்கிறது, எங்கே அதிகாரிக்கு விருப்பம் மட்டும் இருக்கிறது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. தமிழில் வரும் பதிலிலோ 'ஆவன செய்யப்படும்' என்றிருக்கும். யார் செய்வார், எப்போது செய்வார் இரண்டும் அதில் இல்லை.

3ஆம் பிரிவை ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணப் பாடமாக வைத்தால் என்ன என்று யோசித்து, ஒரு வினாத்தாள் எழுதிப் பார்த்தேன். 'மே', 'ஷல்' இரண்டையும் அடிக்கோடிட்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று எழுதச் சொல்லும் கேள்விக்குப் பத்து மதிப்பெண். ஆச்சியின் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது இரண்டாவது கேள்வி. அதற்கு எத்தனை விடைகளைச் சரி என்று ஒப்புக்கொள்வது என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.